ஏழால் வகுத்தால் ஒன்று மீதி

கீல் பக்கமாக அறு என்று நான் சொன்னதை மச்சான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிங் மெஷினைப் பூட்டுப் பக்கமே வைத்து அழுத்தினான். தீப்பொறி என் செருப்பு வரை வந்து விழுந்தது. பூட்டுப் பக்கம் மூன்று பட்டை இரும்பு இருக்கிறது. ஒரு சக்கரம் தேய்ந்து தீர்வதற்குள் ஒரு பட்டைகூட அறாது. கீல் பக்கம் என்றால் பாதி நேரத்தில் வேலை முடியும். உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னேன்.

"அத்தான், நம்பரைச் சொல்லுங்க."

"பந்தயம் இன்னும் முடியல மச்சான்."

"எங்க அக்கா உள்ள இருக்கா. பந்தயமாம் பந்தயம். நம்பரைச் சொல்றீங்களா, இல்ல இந்த மெஷினை உங்க மண்டையில வைக்கவா?"

"கீல் பக்கம் வை."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சக்கரத்தை மாற்றிக் கீல் பக்கம் வைத்தான். கதவு சாயும் நேரத்தில்தான் மேடம் நீங்கள் ஜீப்பில் வந்து இறங்கினீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும், எனக்கு அவசரம் இல்லை.

ஒரு சின்ன விஷயம். உங்கள் ஸ்டேஷனில் இந்த அறைக் கதவின் பூட்டு நாக்கு, சட்டத்தில் இருக்கிற துளைக்கு ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது. அதனால் சாத்தினாலும் பிடிக்காது, தானாகத் திறந்துகொள்ளும். மேல் கீலில் ஒரு திருகை முறுக்கினால் சரியாகிவிடும். வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண் அங்கேதான் போகிறது. தொழில் புத்தி.

நான் எண் பூட்டு செய்கிறவன். சாவி என்பது தொலைவதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருள். எண் அப்படியில்லை. தெரிந்தவனிடமிருந்து அதை யாரும் பிடுங்க முடியாது. எங்கள் வீட்டில் சாவியே கிடையாது. வாசல் கதவு, பீரோ, சமையலறை அலமாரி, மொட்டை மாடிக் கதவு எல்லாவற்றிலும் நான் செய்த பூட்டுதான். எண்ணை நான் சும்மா சொல்லிவிட மாட்டேன். குறிப்பு கொடுப்பேன். இரண்டு இடத்து வர்க்க எண், இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் பகா எண், அந்த மாதிரி. என் மனைவி கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு, நெற்றியைச் சுருக்கி, விடையைப் போட்டுத் திறப்பாள். அவள் தையல்காரி. துணியை அளந்து வெட்டுகிற கைக்குக் கணக்கு தானாக வரும். கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே திறப்பாள். பிற்பாடு சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் வேகம் கூடியிருந்தது. அதை நான் முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

என் பூட்டுத் திறமையைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகில்லை. ஆனாலும் போன் விஷயத்தில் நான் சுத்த மோசம். எண்ணைத் தட்டினால் பாதி நேரம் ராங் நம்பர். "அத்தான் எனக்குப் போன் போட்டா லாண்டரிக்குப் போகும், லாண்டரிக்குப் போட்டா எனக்கு வரும்" என்று மச்சான் விருந்தாளிகள் முன்னால் கிண்டல் அடிப்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டு மனிதர்கள் கிண்டல் செய்தால் கோபப்படக் கூடாது.

அன்றைக்கு அவள் ஒரு சட்டைக்கு ஓரம் மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். இரண்டு குண்டூசிகள் உதட்டில் இருந்தன. அவற்றைக் கடித்துக்கொண்டே பேசினாள்.

"வேலை கிடைச்சிருக்கு. கம்பெனியில கட்டிங் மாஸ்டர். தங்க இடம் கொடுக்கறாங்க. அடுத்த மாசம் சேரணும்."

"நல்லது. போயிட்டு வா."

"வர மாட்டேன்."

நான் நாற்காலியை எடுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். "இந்த வீட்ல உனக்கு என்ன குறை?"

"கதவு."

எனக்குப் புரியவில்லை. அவள் ஊசியைக் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பீரோவுக்கு ஒரு நம்பர். அலமாரிக்கு ஒரு நம்பர். நான் கொண்டுவந்த பெட்டிக்கும் நீங்க வச்ச நம்பர். எங்க அம்மா செத்துப்போச்சுன்னு போன் வந்த அன்னிக்குக்கூட, வாசக் கதவைத் திறக்க நான் உக்காந்து கணக்கு போட்டேன்."

"உடனே போட்டுட்டியே. அன்னிக்குக் கொஞ்சம் கஷ்டமான நம்பர்தான்."

அவள் என்னை வெகு நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு மனிதர்களின் முகம் அவ்வளவாகப் படிக்க வராது.

நான் கோபப்படவில்லை, கை நீட்டவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வெளியே போனதில்லை. நான் ஒரு பந்தயம்தான் கட்டினேன்.

"கடைசியா ஒண்ணு. பின்னாடி ரூம் கதவை உள்ள இருந்து திறந்துட்டா நீ போகலாம். உன் பெட்டியை நானே வாசல் வரைக்கும் தூக்கிட்டு வர்றேன். திறக்க முடியலைன்னா, போற பேச்சையே எடுக்கக் கூடாது. என்கூட இருந்துடணும்."

அவள் உதட்டிலிருந்த ஊசியை எடுத்தாள். "ஏமாத்து இல்லையே?"

"நம்பர் விஷயத்துல நான் பொய் சொல்லி நீ பார்த்திருக்கியா?"

"இல்ல," என்றாள். அது உண்மை. என்னைப் பற்றி அவள் சந்தேகப்படாமல் நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளாகவே நடந்து உள்ளே போனாள். யாரும் தள்ளவில்லை. கதவு சாத்தும்போது என்ன சொன்னாள் தெரியுமா? "சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். அடுப்புல பால் இருக்கு, பொங்கறதுக்குள்ள அணைச்சுடுங்க."

பின்னாடி ரூம் என்பது நான் பெரிய கதவுகளைச் சோதித்துப் பார்க்கிற அறை. டிரில் போடும் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று சுவரெல்லாம் பஞ்சு வைத்துப் பலகை அடித்திருக்கிறேன். சாக்பீஸ் அதில் நன்றாக எழுதும். உள்ளேயே குளியலறை உண்டு, மின்விசிறி உண்டு. கதவில் பார்சல் கொடுத்து வாங்க ஒரு சின்னத் திறப்பு. கதவுக்கு இரண்டு பக்கமும் பொத்தான் பலகை. வெளியே இருப்பது கடையில் வாங்கியது, எண்கள் அச்சடித்தது. வேலை முடிந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட அவள் அதைத் தினமும் தட்டியிருக்கிறாள். உள்ளே இருப்பது நானே செய்தது. பழைய மேஜைக் கால்குலேட்டர் ஒன்றைப் பிரித்து அதன் பொத்தான்களை வைத்தேன். எண்களைத் தேய்த்து அழித்துவிட்டேன். எண் எழுதிய பொத்தான் எனக்குப் பிடிக்காது. நான் வேலை பார்ப்பதெல்லாம் கால்குலேட்டரில்தான், விரலுக்கே இடம் தெரியும்.

உள்ளே போன சற்று நேரத்தில் திறப்பு வழியாகக் குரல் வந்தது.

"பட்டன்ல நம்பரே இல்லையே?"

"வரிசை தெரியாதா உனக்கு?"

"தெரியும், தெரியும்."

இனி எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை மட்டும் அவசரப்படாமல் கேளுங்கள்.

நான்கு இலக்கப் பூட்டில் ஒரு தொல்லை உண்டு. தினமும் தொடுகிற நான்கு பொத்தான் மட்டும் தேய்ந்து பளபளக்கும். பார்த்தவுடனே திருடனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். பத்துப் பொத்தானையும் ஒவ்வொரு தடவை மட்டும் தொடுகிற எண்ணாக இருந்தால் பத்தும் ஒரே மாதிரி தேயும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படிப் பத்து இலக்கத்தையும் முப்பத்தாறு லட்சத்துச் சொச்சம் விதமாக வரிசைப்படுத்தலாம். அந்த முப்பத்தாறு லட்சத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இந்தக் குணம் உண்டு: அதன் முதல் இரண்டு இலக்கம் இரண்டால் வகுபடும். முதல் மூன்று இலக்கம் மூன்றால், முதல் நான்கு நான்கால், முதல் ஐந்து ஐந்தால். இப்படியே போய் பத்து இலக்கமும் பத்தால் வகுபடும். எந்த இடத்திலும் மீதி வராது. எங்கே வெட்டினாலும் சரியாக வெட்டுப்படுகிற துணி மாதிரி. கணக்குப் பிரியர்களுக்குத் தெரிந்த எண்தான், நான் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் அதை நான் எந்த வாடிக்கையாளருக்கும் வைத்ததில்லை. ஷட்டருக்கும் மேஜை டிராயருக்கும் வைக்கிற எண்ணா அது? வீட்டுக்கென்று வைத்திருந்தேன்.

இந்தக் குறிப்பை முழுதாக அவளுக்குச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. "சும்மா தட்டிப் பார்த்தா தலைகீழா நின்னாலும் திறக்காது. கணக்கு போட்டா திறக்கும்" என்றேன். மூன்று முறை தவறினால் பூட்டு ஒரு மணி நேரம் தூங்கிவிடும் என்பதையும் சொன்னேன்.

அவள் போட்ட விதம் அழகு மேடம். சுவரில் நீங்களே பார்த்திருப்பீர்கள். பத்தால் வகுபட வேண்டும், எனவே கடைசி இலக்கம் பூஜ்யம். ஐந்தாம் இடத்தில் ஐந்து. இரட்டைப்படை இடங்களில் எல்லாம் இரட்டை எண்கள். நான்கால் வகுபடுவதை வைத்து நான்காம் இடத்தில் இரண்டு அல்லது ஆறு. மூன்றையும் ஆறையும் சேர்த்துப் பார்த்தால் நடு மூன்று இலக்கம் இரண்டு ஐந்து எட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு ஐந்து நான்காக. வேறு வழியில்லை. எட்டால் கொஞ்சம் உதிரும். முப்பத்தாறு லட்சம் பத்தே பத்து எண்ணாகச் சுருங்கிவிடும். அந்தப் பத்தையும் ஏழால் வகுத்தால் ஒன்பது விழுந்துவிடும். ஒன்று நிற்கும். அவள் துணி வெட்டுகிறவள் இல்லையா, வேண்டாததை வெட்டிப் போட அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னாலேயே பொத்தான் சத்தம் கேட்டது. பத்து முறை. பிறகு தவறு என்கிற மணி.

உள்ளே அழுத்துவது வெளியே ஒரு சின்னத் திரையில் தெரியும். பார்த்தேன். ஒன்பது, இரண்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, ஒன்று, எட்டு, மூன்று, பூஜ்யம்.

நின்றுகொண்டே மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். இரண்டு சரி. மூன்று சரி. நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் சரி. ஏழால் வகுத்தால் ஒன்று மீதி. வெறும் ஒன்று. தொண்ணூற்றிரண்டு லட்சத்தில் ஒன்று. எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

"தப்பு," என்று திறப்பு வழியாகச் சொன்னேன். "ஏழுல கோட்டை விட்டுட்டே."

"இல்லையே. சரியா வந்துதே."

"திரும்பப் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். மீதி ஒன்பது எண்களையும் மூன்று மூன்றாக அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் மணி. பால் பொங்குவதற்குள் நான் அடுப்பை அணைத்திருந்தேன். அதை ஒரு டம்ளரில் ஊற்றி உள்ளே கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மச்சானுக்குப் போன் போட்டேன். அக்கா கம்பெனிப் பயிற்சிக்காக முன்னதாகவே கிளம்பிவிட்டாள், போன் எடுக்க மாட்டாள் என்று சொல்லத்தான். அது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எண்ணைப் பற்றிய பொய் இல்லை. முதல் தடவை லாண்டரிக்காரன் எடுத்தான். "சார், மறுபடியும் நீங்களா?" என்றான். வைத்துவிட்டுக் கையிலிருந்த போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் தட்டினேன். மச்சான் எடுத்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன்.

"ஒரே ஒரு நம்பர்தானா? நிச்சயமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்."

"நீங்க சொன்ன குறிப்பு சரிதானே?"

"எழுத்துக்கு எழுத்து சரி."

"அப்ப நான் எங்கதான் தப்பு பண்றேன்?"

"கதவு திறக்கலையே," என்றேன்.

மூன்று வாரம் இப்படிப் போனது. நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தேன், மாற்றுத் துணி கொடுத்தேன், கேட்டபோதெல்லாம் புது சாக்பீஸ் வாங்கிக் கொடுத்தேன். அவள் சுவரைத் துடைத்துத் துடைத்து எழுதினாள். முதல் வாரம் சண்டை போட்டாள். இரண்டாவது வாரம் என்னோடு பேசுவதை விட்டுவிட்டுத் தனக்குத்தானே வாய்ப்பாடு சொன்னாள். அதற்கும் பிறகு ஒரு நாள் திறப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏழு ரெண்டு பதினாலுதானே?"

"பதினாலு."

"அதானே. எனக்கும் அப்படித்தான் ஞாபகம்."

அன்றிலிருந்து பொத்தான் சத்தம் குறைந்துபோனது. வீடு அமைதியாக இருந்தது. சாயங்காலம் நான் கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்காருவேன், அவள் அந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவாள். எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம் முன்பு இருந்ததில்லை. சிரிக்காதீர்கள் மேடம். உண்மையைத்தான் சொல்கிறேன்.

அக்கா வேலைக்கு வந்து சேரவே இல்லை என்று கம்பெனிக்காரர்கள் மச்சானைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு வெல்டிங் பட்டறை. கட்டிங் மெஷினோடு நேரே வந்துவிட்டான்.

கதவு விழுந்ததும் அவன் "அக்கா, வாக்கா" என்று கையை நீட்டினான். அவள் எழுந்திருக்கவில்லை. நீங்களும்தான் கேட்டீர்கள், அவள் சொன்னதை.

"கதவை எதுக்குடா அறுத்தே? இப்ப நான் தோத்துட்டதா ஆயிடுச்சே."

"என்னக்கா பேசறே? வீட்டுக்கு வா."

"பந்தயம் பந்தயம்தான்டா. நானாதான் உள்ள போனேன். எனக்குப் போடத் தெரியல. நான் அவர்கூடவே இருந்துக்கறேன்."

டாக்டர் பார்த்த பிறகு இங்கே வந்தும் அதையேதான் சொன்னாள். புகாரில் கையெழுத்துப் போடவில்லை. வெளியே பெஞ்சில் எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறான், கேட்கிறது. புகார் இல்லை என்றால் நான் வீட்டுக்குப் போகலாம், இல்லையா? அவளையும் கூட்டிக்கொண்டு.

இவ்வளவு நேரம் நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் திட்டவில்லை. செல்போனில் எடுத்த அந்தச் சுவர்ப் படத்தை என் முன்னால் வைத்தீர்கள். மூலையில் வட்டம் போட்டு, பிறகு அடித்து, உள்ளங்கையால் தேய்த்து அழித்த ஒரு எண். தேய்த்தும் முழுதாக அழியவில்லை.

"முதல் நாள் இதைத்தான் போட்டாங்களாம். தப்புன்னு சொல்லிட்டீங்களாம். சரியான நம்பர் என்ன? அதைச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போங்க," என்றீர்கள்.

சுலபமான கேள்வி. ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். ஆனால் எதைச் சொல்வது? அந்த எழுத்தர் மேஜையில் கால்குலேட்டர் இருக்கிறது. முப்பத்தாறு லட்சத்தில் எதைச் சொன்னாலும் எங்காவது ஓரிடத்தில் மீதி வரும், ஒன்றைத் தவிர. பொய் சொல்வதற்குக்கூட இன்னொரு எண் கிடையாது. நான் எத்தனையோ பேரை வெளியே நிறுத்தியிருக்கிறேன், உள்ளே நிறுத்தியிருக்கிறேன். எண்ணுக்குள் நானே மாட்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

எழுதிக்கொள்ளுங்கள். மூன்று, எட்டு, ஒன்று, ஆறு, ஐந்து, நான்கு, ஏழு, இரண்டு, ஒன்பது, பூஜ்யம். படத்தில் இருக்கிற அதே எண்தான்.

அவள் சரியாகத்தான் போட்டாள். முதல் நாளே, விளக்கு வைப்பதற்குள். சொன்ன மாதிரியே சாயங்காலத்துக்குள்.

போனில் ஒன்று, இரண்டு, மூன்று மேல் வரிசையில் இருக்கும். வெளியே இருக்கிற பலகையிலும் அப்படித்தான். கால்குலேட்டரில் ஏழு, எட்டு, ஒன்பது மேல் வரிசை. தலைகீழ். எண் அழித்த பொத்தான்களில் அவள் தன் விரலுக்குத் தெரிந்த வரிசையில் அழுத்தினாள். மூன்று என்று அவள் தொட்ட இடத்தில் என் ஒன்பது இருந்தது. ஒன்று என்று தொட்ட இடத்தில் ஏழு. ஆயுசு முழுக்கக் கால்குலேட்டர் தட்டிய விரல் எனக்கு. உலகத்துக்கு வேறு வரிசை உண்டு என்பதே எனக்குத் தோன்றவில்லை. அதுவரை நடந்தது தொழில்காரன் செய்த பிசகு. அதற்கு என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

லாண்டரிக்காரன் போனை எடுத்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த போனின் எண்களைப் பார்த்தபடி, அவள் அழுத்திய பத்தையும் வரிசை மாற்றி மனதுக்குள் படித்தேன். ஒரு இலக்கம் பிசகவில்லை. அதற்குப் பிறகு நான் அவளிடம் தப்பு என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நன்றாக யோசித்துத்தான் பேசினேன். கதவு திறக்கலையே என்றேன். கதவு திறக்கவில்லைதானே?

மேடம், இதை அவளிடம் சொல்ல வேண்டாம். தனக்குப் போடத் தெரியவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவள் இப்போதுதான் அமைதியாக இருக்கிறாள். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தால் பாவம், வீணாகக் கிளம்பிப் போய்விடுவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மச்சான் அழுகிற சத்தம் நின்றுவிட்டதே.

நான் முதலிலேயே சொன்னேன், அந்தக் கதவின் நாக்கு பிடிக்காது, தானாகத் திறந்துகொள்ளும் என்று. மேடம், அந்தக் கதவை யாராவது கொஞ்சம் சாத்துங்களேன்.